டிராவல் நர்ஸ் ஆவது எப்படி: பட்டம் வாங்கிய நாளிலிருந்து முதல் 13 வார ஒப்பந்தம் வரை

நள்ளிரவு 2 மணி தாண்டியிருந்தது. புது மருத்துவமனையில் எனக்கு அது இரண்டாவது ஷிப்ட். யாரும் பக்கத்தில் இல்லாமல் நானே நோயாளிகளைப் பார்க்கும் முதல் இரவு. ஐந்து பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கியது. என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன், மாஸ்க்கை மாற்றினேன், அவசரக் குழுவை அழைக்கப் போனை எடுத்தேன். விரல் தானாகப் பழைய மருத்துவமனையின் எண்ணை அழுத்தியது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புது மருத்துவமனையில் அது உணவுப் பிரிவின் எண் என்று பிறகுதான் தெரிந்தது. வாசலில் நின்ற உதவியாளர் சரியான எண்ணைச் சொன்னார், குழு வந்தது, நோயாளி தேறிவிட்டார். எனக்கு இருபது வினாடி போயிற்று.

அந்த இருபது வினாடியை நான் தாங்க முடிந்ததற்கு ஒரே காரணம், எனக்குத் தெரியாதது அந்த எண் மட்டும்தான். மூச்சுத் திணறும் ஒருவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் அன்றைக்கே புதிதாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்பவர் மருத்துவமனையின் ஊழியர் அல்ல, ஏஜென்சியின் ஊழியர். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே, பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் போகிறவர். நிரந்தர ஊழியர் பேறுகால விடுப்பில் போயிருப்பார், குளிர்காலத்தில் காய்ச்சல் நோயாளிகள் நிறைந்திருப்பார்கள், மருத்துவமனை புதிய கணினிப் பதிவு முறைக்கு மாறிக்கொண்டிருக்கும். இப்படி ஏதோ ஓர் ஓட்டையை அடைக்கத்தான் அழைக்கிறார்கள். கூடுதல் பணம் தருவது இவர் மற்ற நர்ஸ்களைவிடக் கெட்டிக்காரர் என்பதற்காக அல்ல. கற்றுத்தர வேண்டியதில்லை என்பதற்காக. நிரந்தர வேலையில் சேரும் புதிய பட்டதாரிக்கு இரண்டு மூன்று மாதம், ஐசியு என்றால் இன்னும் அதிகமாக, ஒருவர் கூடவே நின்று சொல்லித் தருவார். டிராவல் நர்ஸுக்குக் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஷிப்ட் ஓரியண்டேஷன் (அறிமுகப் பயிற்சி). அந்த ஒன்றிரண்டு ஷிப்ட் போதும் என்று ஆவதற்கு முன்னால் என்னென்ன செய்துவைக்க வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது.

முதல் படி: லைசென்ஸை யோசித்து வாங்குங்கள்

நர்ஸ் லைசென்ஸுக்காக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வைப் பற்றி நீட்டப்போவதில்லை. 2023 ஏப்ரலில் அதன் வடிவம் மாறியது. இப்போது குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, மொத்தம் 5 மணி நேரம். நோயாளியின் நிலையை விவரித்து, எதை முதலில் கவனிப்பீர்கள், எதை முதலில் செய்வீர்கள் என்று முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகள் கூடியிருக்கின்றன. டிராவலுக்குப் போக நினைப்பவர் அதைவிட அதிகமாக யோசிக்க வேண்டியது லைசென்ஸ் எந்த மாநிலத்துடையது என்பதை.

மாநிலங்களுக்கு இடையே நர்ஸ் லைசென்ஸர் காம்பாக்ட் என்று ஓர் உடன்பாடு இருக்கிறது. 2000-இல் தொடங்கியது, இப்போதைய வடிவம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் நிரந்தர வசிப்பிடம் இந்த மாநிலங்களில் ஒன்றில் இருந்தால் பல மாநிலங்களில் செல்லும் லைசென்ஸ் ஒன்றே போதும். உடன்பாட்டில் உள்ள வேறு எந்த மாநிலத்திலும் தனி விண்ணப்பம் இல்லாமல் வேலை செய்யலாம். வசிப்பிடத்துக்கு ஆதாரம் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, மத்திய வருமான வரிப் படிவத்தில் கொடுத்த முகவரி ஆகியவை. வேறு காம்பாக்ட் மாநிலத்துக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் 60 நாட்களுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். 13 வார ஒப்பந்தத்துக்குப் போவது குடிபெயர்தல் ஆகாது; போன இடத்தில் ஓட்டுநர் உரிமத்தை மாற்றி வைக்காதீர்கள். லைசென்ஸுக்கும் சிக்கல், பின்னால் சொல்லப்போகும் வரிக் கணக்குக்கும் சிக்கல்.

கலிபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் இந்த உடன்பாட்டில் இல்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். ஏற்கெனவே உள்ள லைசென்ஸை அடிப்படையாகக் காட்டி, தேர்வை மறுபடி எழுதாமல் வாங்கலாம். கலிபோர்னியா கைரேகை கேட்கும், நாளும் எடுக்கும். ஒப்பந்தம் கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் ஒப்பந்தம் காத்திருக்காது. கலிபோர்னியா போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்கு அங்கே சட்டம் இருக்கிறது. 2004 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டப்படி ஐசியுவில் இரண்டு பேர், ஸ்டெப்-டவுனில் (ஐசியுவுக்கும் பொது வார்டுக்கும் இடைப்பட்ட பிரிவு) மூன்று, டெலிமெட்ரியில் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் பிரிவு) நான்கு, பொது வார்டில் ஐந்து. முன்பின் தெரியாத மருத்துவமனையில் முதல் இரவு நிற்பவருக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஏழு நோயாளிகளோடு நின்று பார்த்தவரிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: முதல் இரண்டு ஆண்டுகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான மருத்துவமனைகள் டிராவல் நர்ஸிடம் அதே பிரிவில் குறைந்தது ஓராண்டு, பல இடங்களில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கின்றன. ‘புதிய பட்டதாரிகளையும் எடுக்கிறோம்’ என்ற விளம்பரங்களும் கண்ணில் படும். என் கருத்தைக் கேட்டால், அப்படி அழைக்கும் இடம் ஏன் அப்படி அழைக்கிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் போக மறுத்த இடமாக இருக்கலாம். அங்கே ஒரு தவறு நடந்தால் வார்டு மறந்துவிடும்; உங்கள் லைசென்ஸ் எண்ணில் அது நிற்கும்.

ஆகவே முதல் வேலை, புதிய பட்டதாரிகளுக்கான ரெசிடென்சி திட்டம் (வேலையோடு சேர்ந்த பயிற்சி) உள்ள மருத்துவமனை. பெரும்பாலும் ஓராண்டு நடக்கும். சேரும்போது கையெழுத்திடும் தாளைப் படியுங்கள். சேர்வதற்காக ஊக்கத்தொகை கொடுத்தால், இத்தனை ஆண்டு இருக்காமல் போனால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பதினெட்டாவது மாதம் டிராவலுக்குக் கிளம்பத் திட்டமிட்டுவிட்டு இரண்டாண்டுக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எந்தப் பிரிவு என்பதில் எனக்குச் சாய்வு உண்டு: டெலிமெட்ரி அல்லது ஸ்டெப்-டவுன். இதயத் துடிப்பு வரைபடம் படிக்கக் கைவரும், நரம்பில் ஏற்றும் சொட்டு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பழகும், பொது வார்டுக்கு மாற்றினாலும் திணற மாட்டீர்கள். ஐசியு, அவசரப் பிரிவு, பிரசவப் பிரிவு, அறுவை அரங்கு எல்லாவற்றுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. மனம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று தாவாதீர்கள். இரண்டு ஆண்டில் நான்கு பிரிவு பார்த்தவருக்கு ஏஜென்சி கணக்கில் எந்தப் பிரிவிலும் அனுபவம் இல்லை.

முதல் ஆண்டு மூச்சுவிடவே போதாது. இரண்டாவது ஆண்டில்தான் டிராவலுக்கான தயாரிப்பு தொடங்குகிறது. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மார்புக் குழாய் உள்ள நோயாளியை எத்தனை முறை பார்த்தீர்கள், இன்சுலின் சொட்டு எத்தனை முறை, ரத்தம் ஏற்றியது எத்தனை முறை, தொண்டைத் துளைக் குழாயைச் சுத்தம் செய்தது எத்தனை முறை என்று கோடு போட்டு வாருங்கள். நோயாளி பெயரோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது, வெறும் எண்ணிக்கை போதும். பின்னால் ஏஜென்சி கொடுக்கும் திறன் பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட வேண்டும். நினைவிலிருந்து போட்டால் பயந்தவர் குறைத்துப் போடுவார், துணிந்தவர் கூட்டிப் போடுவார். நோட்டு இருந்தால் உள்ளதைப் போடலாம்.

சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிப்டில் வார்டைப் பொறுப்பேற்று நடத்துபவர்) பொறுப்பு வந்தால் மறுக்காதீர்கள். புதியவருக்குச் சொல்லித்தரக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஃப்ளோட் குழு (ஆள் குறையும் வார்டுக்கு அன்றன்று அனுப்பப்படுபவர்கள்) இருந்தால், ஓராண்டு முடிந்ததும் அதில் சேர்வதைவிட நல்ல ஒத்திகை வேறு இல்லை. தினம் ஒரு வார்டு, தினம் புது முகங்கள், ஆனால் கதவின் ரகசிய எண்ணும் கணினியும் பழையவை.

நீங்கள் தயாரா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. பழக்கமில்லாத வார்டில் ஒரு ஷிப்ட் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, அன்று மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விகளே பெரும்பாலும் இருந்தால் கிளம்பலாம். ‘எப்படிச் செய்வது’ என்ற கேள்விகள் இன்னும் பாதியாவது இருந்தால் இன்னும் ஆறு மாதம்.

மூன்றாம் படி: கோப்பு

டிராவல் நர்ஸின் உண்மையான சொத்து அவருடைய கோப்புதான். வேலை வந்த பிறகு ஓடித் திரட்டுவதைவிட முன்பே ஸ்கேன் செய்து வைத்திருப்பவருக்கே ஒப்பந்தம் கிடைக்கும். லைசென்ஸ், பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற அடிப்படை, மேம்பட்ட உயிர்காப்புச் சான்றிதழ்கள் (அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டைகள் இரண்டு ஆண்டு செல்லும்), குழந்தைகள் பிரிவென்றால் பாலர் உயிர்காப்புச் சான்றிதழும். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, டீடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்), அந்த ஆண்டின் ஃப்ளூ ஊசி, காசநோய்ப் பரிசோதனை, என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை, உடற்பரிசோதனைச் சான்று. இதற்குமேல் போதைப்பொருள் சோதனையும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் ஏஜென்சியே நடத்தும்.

பரிந்துரை தருபவர் இருவராவது வேண்டும். சார்ஜ் நர்ஸ், மேலாளர் என்று உங்களை வேலையில் பார்த்தவர்கள். வேலையை விட்டு எட்டு மாதம் கழித்துக் கேட்டால் அவர்களே வேறு இடம் போயிருப்பார்கள். விடைபெறும் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். ராஜினாமா கடிதத்தை முறையான கெடுவோடு கொடுங்கள்; இரண்டு வாரம்கூடச் சொல்லாமல் போனவரை ‘மறுபடி எடுக்க வேண்டாம்’ என்று குறித்துவைக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன, அந்தக் குறிப்பு பெரிய குழுமத்தின் எல்லாக் கிளைகளுக்கும் போகும்.

உங்கள் விவரக்குறிப்பில் அழகான வாக்கியங்கள் வேண்டாம். மருத்துவமனையில் எத்தனை படுக்கை, உங்கள் யூனிட்டில் எத்தனை, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, எந்தக் கணினிப் பதிவு முறை (எபிக், செர்னர், மெடிடெக்), எந்த வகை நோயாளிகள், சார்ஜ் பொறுப்பு பார்த்தீர்களா. படிக்கும் மேலாளர் இவற்றைத்தான் தேடுகிறார்.

நான்காம் படி: ஏஜென்சியும் ரெக்ரூட்டரும்

ஏ.எம்.என். ஹெல்த்கேர், ஆயா ஹெல்த்கேர், கிராஸ் கன்ட்ரி ஹெல்த்கேர் போன்ற பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன, பத்துப் பதினைந்து பேர் வைத்து நடத்தும் சிறிய ஏஜென்சிகளும் இருக்கின்றன. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு ஏஜென்சிகளுக்கென்று ஒரு சான்றிதழ் தருகிறது; அது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பார்க்க வேண்டியது ரெக்ரூட்டரை, அதாவது ஏஜென்சியில் உங்களுக்கு வேலை தேடித்தருபவரை. உங்களோடு தினம் பேசப்போகிறவர் அவர்தான். நாற்பது குறுஞ்செய்தி அனுப்பி அவசரப்படுத்துபவரை விட, ‘இந்த இடம் உங்களுக்குச் சரிவராது’ என்று ஒரு முறையாவது சொன்னவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கையெழுத்திட்டால்தான் அவருக்குக் கமிஷன் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு அல்லது மூன்று ஏஜென்சிகளில் பதிவு செய்யுங்கள். காரணம் எளிது: ஒரே வேலை பல ஏஜென்சிகளிடம் இருக்கும். மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது; அதில் ஏஜென்சி தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறது. ஆகவே ஒரே வார்டுக்கு ஓர் ஏஜென்சி வாரம் நூறு, இருநூறு டாலர் கூடத் தரலாம். ஆனால் ஒரே மருத்துவமனைக்கு இரண்டு ஏஜென்சிகள் உங்கள் பெயரை அனுப்ப விடாதீர்கள். இரண்டு விண்ணப்பமும் தள்ளுபடியாகலாம். ‘என்னைக் கேட்காமல் எங்கும் அனுப்பக் கூடாது’ என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் ‘வாரம் 2,100 டாலர்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். 36 மணி நேர வாரம், மூன்று பன்னிரண்டு மணி ஷிப்ட். உடைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: வரி பிடிக்கும் சம்பளம் மணிக்கு 24 டாலர், அதாவது 864, தங்கும் படி 800, உணவு மற்றும் சில்லறைச் செலவுப் படி 436. பின்னிரண்டும், நிபந்தனைகளை நிறைவேற்றினால், வரி இல்லாதவை. மத்திய அரசின் ஜி.எஸ்.ஏ. என்ற துறை ஊர் ஊராக வெளியிடும் தினப்படி அளவுகளை வைத்து ஏஜென்சிகள் இந்தப் படிகளை நிர்ணயிக்கின்றன.

864-இல் பிடித்தம் சுமார் 150 போனால் கையில் வாரம் 1,950. 13 வாரத்துக்கு 25,350. இதிலிருந்து போன ஊரில் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய வாடகை மாதம் 2,000 வீதம் மூன்று மாதம் 6,000. சொந்த ஊரில் விட்டுவந்த வீட்டின் வாடகை மாதம் 900 வீதம் 2,700. போக வர வண்டிச் செலவு 800. லைசென்ஸ், சான்றிதழ் வகையில் 400. மீதி 15,450. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே இரண்டு வாரம் சும்மா இருந்தால், அதை 13-ஆல் அல்ல, 15-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 1,030.

அதே நர்ஸ் சொந்த ஊரில் மணிக்கு 40 டாலருக்கு நிரந்தர வேலையில் இருந்தால் வாரம் 1,440. பிடித்தம் 300 போய் 1,140. வாடகை 208 போய் 932. அதோடு சம்பளத்துடன் விடுப்பு, நிலையான காப்பீடு, ஓய்வூதியக் கணக்கில் முதலாளியின் பங்கு. வித்தியாசம் வாரம் நூறு டாலர்!

எல்லா ஒப்பந்தமும் இப்படி என்று சொல்லவில்லை. வாடகை குறைந்த ஊர், கூடுதல் சம்பளம் தரும் மாநிலம், வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தோழி என்று எதுவும் கணக்கை மாற்றும். 2020, 2021 தொற்றுக் காலத்தில் விகிதங்கள் ஏறிய வேகத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருபவர்கள், அது வடிந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீட்டினேன்.

இன்னொரு பொறி ஓவர்டைம். வரி பிடிக்கும் விகிதம் 24 என்றால் ஒன்றரை மடங்கு 36. ஆனால் உங்கள் சாதாரண மணி நேரத்தின் முழு மதிப்பு, படிகளையும் சேர்த்து, 58 டாலருக்கு மேல். அதாவது கூடுதல் ஷிப்டுக்குக் குறைந்த கூலி! ஓவர்டைம் விகிதத்தை ஒப்பந்தத்தில் தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். வேலை செய்த மணிக்கேற்பக் கூடிக் குறையும் படிகளை ஓவர்டைம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2021-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது; மேற்கு மாநிலங்களில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வரி பிடிக்கும் பகுதி சிறியதாக இருப்பதில் வேறு நட்டங்களும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி, வேலையில்லாக் கால உதவி, வீட்டுக் கடனுக்குக் காட்டும் வருமானம் எல்லாம் அந்தச் சிறிய தொகையை வைத்தே பார்க்கப்படும்.

‘டாக்ஸ் ஹோம்’ (வரிக் கணக்கில் உங்கள் சொந்த இடம்): பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

படிகளுக்கு வரி இல்லை என்பது உங்களுக்கு வேறெங்கோ உண்மையான வீடு இருந்து, அங்கேயும் இங்கேயும் இரட்டைச் செலவு செய்தால் மட்டும். வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: சொந்த ஊரிலும் நீங்கள் வேலை செய்து அந்த வீட்டில் தங்குகிறீர்களா, வெளியூரில் இருக்கும்போதும் அந்த வீட்டுக்குச் செலவு தொடர்கிறதா, அந்த ஊரோடு தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா. இவற்றில் ஒன்று மட்டுமே பொருந்தினால் நீங்கள் ஊர் ஊராகத் திரிபவர். உங்கள் படிகள் அனைத்துக்கும் வரி உண்டு.

புதிய பட்டதாரிகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அப்பா அம்மா வீட்டில் ஓர் அறை இருக்கிறது, கடிதங்கள் அங்கே வருகின்றன, ஆகவே அதுதான் டாக்ஸ் ஹோம் என்று நினைக்கிறார்கள். வாடகை கொடுக்காவிட்டால் இரட்டைச் செலவு எங்கே? அம்மாவிடம் வாடகை கொடுப்பதா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். கொடுக்கத்தான் வேண்டும், ஊர் நிலவரப்படி நியாயமான தொகையை, வங்கி வழியாக, மாதா மாதம். அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். ‘ஐம்பது மைல் தள்ளிப் போனால் போதும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு வரி விதி இல்லை, அது மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் எல்லை. ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் இருப்போம் என்று தெரிந்த கணத்திலிருந்து அந்த இடம் தற்காலிகமானது அல்ல என்பதுதான் விதி. டிராவல் நர்ஸ்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

ஆறாம் படி: போன் பேட்டியும் ஒப்பந்தமும்

பேட்டி பெரும்பாலும் கால் மணி நேரம், போனில். மேலாளர் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் அவரைக் கேட்பது முக்கியம். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? உதவியாளர்கள் எத்தனை பேர்? எந்தெந்த யூனிட்டுக்கு என்னை ஃப்ளோட் செய்வீர்கள்? ஓரியண்டேஷன் எத்தனை மணி? கடைசியாகக் கேளுங்கள்: இப்போது உங்கள் யூனிட்டில் டிராவல் நர்ஸ்கள் எத்தனை பேர்? இருபதில் மூன்று என்றால் யாரோ விடுப்பில் இருக்கிறார்கள். இருபதில் பன்னிரண்டு என்றால் நிரந்தர ஊழியர்கள் ஏதோ காரணத்துக்காகப் போய்விட்டார்கள். அந்தக் காரணம் உங்களுக்காகவும் காத்திருக்கிறது. பேட்டியே இல்லாமல் வேலை தரும் இடங்களும் உண்டு. முதல் ஒப்பந்தத்தை அப்படி எடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் விரல் வைத்துப் படிக்கும் வரிகள் சில. உத்தரவாத மணி நேரம்: நோயாளிகள் குறைந்து உங்களை வீட்டுக்கு அனுப்பினால் சம்பளம் உண்டா, 13 வாரத்தில் எத்தனை ஷிப்டை அவர்கள் ரத்து செய்யலாம். நீங்கள் ஒரு ஷிப்டைத் தவறவிட்டால் படியில் எவ்வளவு பிடிப்பார்கள். நடுவில் ஒப்பந்தம் ரத்தானால் யாருக்கு எத்தனை நாள் கெடு. ஃப்ளோட் செய்யும் யூனிட்டுகளின் பெயர். தங்கையின் கல்யாணத்துக்கு நான்கு நாள் வேண்டும் என்றால் தேதிகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ரெக்ரூட்டர் போனில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றது எங்கேயும் செல்லாது. ஒப்பந்தத்தின் நடுவில் ஊதியத்தைக் குறைத்ததாக 2022-இல் சில ஏஜென்சிகள் மீது நர்ஸ்கள் வழக்குப் போட்டார்கள். எழுத்தில் உள்ளதைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் வழக்கும் நிற்கும்.

காப்பீடு முதல் நாளிலிருந்தா, 30 நாள் கழித்தா என்று கேளுங்கள். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே அது நின்றுபோகலாம். கோப்ரா திட்டத்தில் பழைய காப்பீட்டைத் தொடர்வதா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு என்பதால் சிறிய இடைவெளிகளைச் சமாளிக்கலாம். முழுச் சந்தாவும் உங்கள் தலையில்தான். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டைச் சொந்தமாகவும் ஒன்று எடுத்துவையுங்கள்.

வீட்டைப் பற்றி இரண்டு வரி. முதல் ஒப்பந்தத்துக்கு மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பாதீர்கள். ஒரு வாரம் ஹோட்டலில் தங்கி, வீட்டை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிராவல் நர்ஸ்களைக் குறிவைத்து இல்லாத வீட்டுக்கு முன்பணம் வாங்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள்.

வேறு நாட்டில் படித்தவர்களுக்கு

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் வாங்கி வருபவர்களுக்கு வழி சற்று நீளம். என்கிளெக்ஸ், விசாஸ்கிரீன் சான்றிதழ் (படிப்பையும் லைசென்ஸையும் சரிபார்த்துத் தருவது), ஆங்கிலத் தேர்வு, பிறகு பெரும்பாலும் வேலை அடிப்படையிலான இ.பி.-3 பிரிவில் குடியேற்ற விசா. உங்களை அழைத்துவரும் நிறுவனத்தோடு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். அந்தக் காலத்தை மேலே சொன்ன இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு கையில், அனுபவம் கணக்கில், ஒப்பந்தம் முடிந்தது என்றானபின் நீங்களும் மற்றவர்களும் ஒரே வரிசைதான்.

ஏழாம் படி: முதல் ஷிப்ட்

சேரும் முன்பே இணையத்தில் மருந்துக் கணக்கு, இதயத் துடிப்பு வரைபடம், பிரிவு சார்ந்த கேள்விகள் என்று தேர்வுகள் வைப்பார்கள். ஓரியண்டேஷன் நாளில் பாதி நேரம் கணினிக் கடவுச்சொல்லுக்கும் அடையாள அட்டைக்கும் போய்விடும். ஆகவே வார்டில் கால் வைத்த முதல் மணி நேரத்தில் இவற்றைக் கேட்டு அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்: அவசரக் குழுவின் எண், மருந்தறை மற்றும் பொருளறைக் கதவு எண்கள் எங்கே கிடைக்கும், சார்ஜ் நர்ஸின் போன், மருந்தகத்தின் எண். அவசர வண்டி எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் நீங்களே நடந்து போய்த் தொட்டுவிட்டு வாருங்கள். காதால் கேட்டதை அவசரத்தில் கால் மறந்துவிடும்; ஒருமுறை நடந்த வழியை மறக்காது.

டிராவல் நர்ஸைத்தான் முதலில் ஃப்ளோட் செய்வார்கள், முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள், கடினமான நோயாளியைச் சில இடங்களில் முதலில் தருவார்கள். இதில் பாதியைச் சிரித்துக்கொண்டே ஏற்கலாம். ஆனால் உங்களுக்குப் பயிற்சி இல்லாத பிரிவுக்கு அனுப்பினால் ஷிப்ட் தொடங்கும் முன்பே, நோயாளியை ஏற்கும் முன்பே, சார்ஜ் நர்ஸிடம் சொல்லுங்கள்; ஏஜென்சியின் இரவு நேர எண்ணுக்கும் சொல்லுங்கள். டெக்சஸில் இதற்குச் ‘சேஃப் ஹார்பர்’ என்ற சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. உரிய முறையில் எழுதிக் கொடுத்தால் அந்த நர்ஸைப் பழிவாங்க முடியாது. ‘வர மாட்டேன்’ என்பதை விட, ‘மருந்து கொடுக்கிறேன், அடிப்படைக் கவனிப்பைப் பார்க்கிறேன், வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாக ஏற்க மாட்டேன்’ என்று என்ன முடியும், என்ன முடியாது எனப் பிரித்துச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

பழைய மருத்துவமனையில் இப்படிச் செய்வோம் என்ற பேச்சை முதல் இரண்டு வாரம் வாயிலிருந்து வர விடாதீர்கள். அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சரி.

எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் நீட்டிப்பு பற்றிப் பேச்சு வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். அடுத்த ஒப்பந்தத்தைத் தேட நான்கு வாரம் குறைந்தபட்சம். நீட்டித்தால் விகிதத்தை மறுபடி பேசலாம், ஏனென்றால் இப்போது உங்களுக்கு ஓரியண்டேஷன்கூடத் தேவையில்லை. கிளம்புவதென்றால் கடைசி வாரத்தில் சார்ஜ் நர்ஸிடம் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள், லைசென்ஸ், சான்றிதழ் தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள், அட்டையின் பின்னால் ஒட்டிய தாளைக் கிழித்துப் போடுங்கள். அடுத்த இடத்தில் அந்த எண்ணை அழுத்தினால் உணவுப் பிரிவுதான் எடுக்கும்.